நிலத்துக்கு அடியைப் படிக்க அறிவியல் நகரில் ஓர் இடம் வேண்டும்

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தினருக்கும், வவுனியாப் பல்கலைக்கழகத்தாருக்கும், இலங்கைப் பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபையினருக்கும்,

வணக்கம்.

வன்னியில் உயர்தரக் கணிதப் பிரிவு மாணவருக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் ஆசிரியன் நான். ஒவ்வொரு வருடமும் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரைக்குமான இடைவெளியில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து என்ன படிக்கலாம் என்று கேட்பார்கள். முன்பு சிவில், மெக்கானிக்கல், கம்பியூட்டர் என்று மூன்றோடு கேள்வி முடிந்துவிடும். இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "சேர், பெற்றோலியம் எஞ்சினியரிங் படிச்சா மிடில் ஈஸ்ற்றில நல்ல சம்பளமாமே? மன்னாரிலயும் காஸ் எடுக்கப் போறாங்களாமே?"

இந்தக் கேள்விக்குப் பிள்ளைகளிடம் நான் சொல்லும் பதில் ஒன்று. உங்களிடம் கேட்க வேண்டியது இன்னொன்று. உங்களிடம் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோலியப் பொறியியல் என்ற பெயரில் நாலு வருடப் பட்டம் ஒன்றைத் தொடங்கும்படி நான் கேட்கவில்லை. நிலத்துக்கு அடியில் இருக்கும் பாறையையும் நீரையும் எண்ணெயையும் வாயுவையும் படிக்கிற ஒரு கற்கைப் பிரிவைக் கிளிநொச்சியில் தொடங்குங்கள். அதைக் குழாய்க்கிணற்றிலிருந்து தொடங்குங்கள். பெற்றோலியம் அதன் கடைசி வருடத்தில் வரட்டும். அதிகாரசபையினரிடம் கேட்பது, அந்தப் பிள்ளைகளுக்குத் தரவும் பயிற்சி இடமும் கொடுங்கள் என்பது.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மன்னாரில் எண்ணெய் தேடும் கதை புதிது இல்லை. 1970களில் சோவியத் உதவியோடு பேசாலையில் கிணறு துளைத்தார்கள். ஊரில் வயதானவர்கள் இன்றைக்கும் அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களைப் பற்றிச் சொல்வார்கள். வணிக ரீதியில் எடுக்கக்கூடியதாக எதுவும் அகப்படவில்லை. பிறகு போர். 2008இல் மன்னார் வளைகுடாவில் ஒரு பகுதியை ஆராயும் உரிமை கெய்ர்ன் லங்கா நிறுவனத்துக்குப் போனது. 2011இல் டொராடோ என்று பெயர் வைத்த கிணற்றில் இயற்கை வாயு இருப்பதைக் கண்டார்கள். அங்கே கடலின் ஆழமே சுமார் 1350 மீற்றர். வாயு இருந்த மணற்கல் படை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் ஆழத்தில் இருந்தது. அடுத்துத் துளைத்த பராக்குடாவிலும் வாயு தென்பட்டது. 2015இல் நிறுவனம் போய்விட்டது. வாயு இன்னும் கீழேயே கிடக்கிறது. 2021இல் 21ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டம் வந்தது. அதன் கீழ்தான் உங்கள் அதிகாரசபை அமைந்தது.

இவ்வளவும் பத்திரிகையில் வந்தவைதான். ஆனால் எங்கள் பிள்ளைகளின் காதுக்கு இது வேறு மாதிரிப் போய்ச் சேருகிறது. மன்னாரில் எண்ணெய்க் கடல் இருக்கிறது, நாளைக்கோ நாளன்றைக்கோ எடுத்துவிடுவார்கள், இப்போதே படித்து வைத்தால் வேலை நிச்சயம் என்கிறார்கள். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் விடுதி மண்டபங்களில் கண்காட்சி வைப்பார்கள். பளபளப்பான தாளில், மஞ்சள் தொப்பியும் நீலச் சட்டையும் போட்ட ஒரு பிள்ளை எண்ணெய்த் துரப்பண மேடையில் சிரித்துக்கொண்டு நிற்கும் படம்.

என்னிடம் படித்த ஒரு பெடியன் அப்படி ஒரு தாளை நம்பிப் போனான். கெட்டிக்காரன். வெட்டுப்புள்ளி கொஞ்சம் தவறியதால் இங்கே பொறியியலுக்கு இடம் கிடைக்கவில்லை. தகப்பன் வயற்காணியை ஈடு வைத்து, வெளிநாட்டில் ஒரு தனியார் கல்லூரிக்கு அனுப்பினார். அங்கே துளையிடும் பொறி ஒன்றைக்கூட அவன் கிட்ட நின்று பார்க்கவில்லை. பாறை மாதிரிகளைப் படத்தில் பார்த்தான். பட்டம் முடித்து வந்தபோது அந்தத் துறையிலேயே ஆட்குறைப்பு. பட்டத்தின் பெயர் 'பெற்றோலியம்' என்று இருந்ததால் சிவில் வேலைக்கும் எடுக்கவில்லை, மெக்கானிக்கல் வேலைக்கும் எடுக்கவில்லை. இப்போது கட்டார் நாட்டில் ஒரு களஞ்சியசாலையில் கணக்கு எழுதுகிறான். ஈடு இன்னும் மீளவில்லை. அந்தத் தகப்பனைச் சந்தையில் காணும்போது அவர்தான் முதலில் சிரித்து, "சேர் சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்பார். எனக்குத்தான் பதில் வராது.

எண்ணெய் வேலையின் ஏற்ற இறக்கம் அப்படிப்பட்டது. 2014 நடுப்பகுதியில் ஒரு பீப்பாய் மசகு எண்ணெய் நூறு டொலருக்கு மேல் விற்றது. 2016 தொடக்கத்தில் முப்பது டொலருக்கும் கீழே போனது. 2020 ஏப்ரல் 20ஆம் திகதி அமெரிக்க முன்பேரச் சந்தையில் பூச்சியத்துக்கும் கீழே, கழித்தல் 37 டொலர் வரை விழுந்தது. விலை விழுந்தால் முதலில் நிற்பது புதிய கிணறு துளைப்பது. புதிய கிணறு நின்றால் முதலில் வேலை போவது புதிதாகச் சேர்ந்த இளம் பொறியியலாளனுக்கு. அமெரிக்காவிலேயே அந்த வருடங்களில் பெற்றோலியப் பொறியியல் வகுப்புகள் பாதியாகவும் அதற்குக் கீழாகவும் வற்றின. அங்கே ஒரு பிள்ளை வேறு துறைக்கு மாறிக்கொள்ளும். எங்கள் பிள்ளைக்கு மாறிக்கொள்ளப் பின்னால் என்ன இருக்கிறது?

அதனால்தான் பெற்றோலியப் பட்டம் என்று ஒன்று வேண்டாம் என்கிறேன். பட்டம் சிவிலாகவோ மெக்கானிக்கலாகவோ இருக்கட்டும். அதற்குள்ளே நிலத்தடி என்று ஒரு சிறப்புப் பிரிவு இருக்கட்டும். எண்ணெய் விலை விழுந்தாலும் தண்ணீருக்கு ஆள் தேவை. அணைக்கட்டுக்கும் பாலத்துக்கும் அத்திவாரம் பார்க்க ஆள் தேவை.

சரி, அப்படியானால் பெற்றோலியத்தைச் சேர்க்கவே வேண்டாமே, தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். நிறுத்தக்கூடாது. அதற்கான காரணத்தை நான் கண்டது ஒரு கூட்டத்தில்.

கடலில் நடக்கப்போகும் ஆய்வு ஒன்றைப் பற்றிக் கரையோர மக்களுக்கு விளக்குவதற்காகக் கூட்டிய கூட்டம் அது. கடற்றொழிலாளர் சங்கத்தார், பங்குத்தந்தை, கிராம அலுவலர், எங்களைப் போல ஓரிரு ஆசிரியர்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். படங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். மொழிபெயர்த்தவருக்கும் விடயம் புரியவில்லை. வயதான ஒருவர் எழுந்து, "ஐயா, கடலுக்குள்ள வெடி வைக்கப் போறியளோ?" என்று கேட்டார். "அப்படி ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம்" என்று பதில் வந்தது. அவர் இருந்துவிட்டார். அவருக்குக் கிடைக்க வேண்டியது ஆறுதல் வார்த்தை இல்லை. அவர் கேட்டது ஒரு பொறியியல் கேள்வி.

அதற்கு முழுப் பதில் இருக்கிறது. ஆய்வுக் கப்பல் வெடிமருந்து வைப்பதில்லை. அழுத்திய காற்றை ஒரு கலத்திலிருந்து திடீரென்று கடலுக்குள் விடும். அந்த ஒலி அலை கடலடியையும் தாண்டிக் கீழே போய், ஒவ்வொரு பாறைப் படையிலும் பட்டுத் திரும்பும். கப்பலுக்குப் பின்னால் பல கிலோமீற்றர் நீளத்துக்கு இழுத்துவரும் வடத்தில் உள்ள ஒலிவாங்கிகள் அதைப் பதியும். அலை போய்த் திரும்ப எடுத்த நேரத்தை வைத்துத்தான் அடியில் என்ன வடிவில் பாறை இருக்கிறது என்று படம் வரைகிறார்கள். இந்த வேலை நாள் முழுக்க, சில செக்கன்களுக்கு ஒரு தடவை என்று நடக்கும். பின்னால் அவ்வளவு நீள வடம் இருப்பதால் கப்பலால் சட்டென்று திரும்ப முடியாது. ஆகவே அந்தப் பாதையில் வலை விரிக்க விடமாட்டார்கள். அப்படியானால் அடுத்த கேள்விகள் தாமாக வரும். எந்த மாதத்தில் செய்வீர்கள்? அது எந்த மீன் வரும் பருவம்? எத்தனை நாளுக்குத் தொழில் நிற்கும்? அந்த நாட்களுக்கு நட்டஈடு என்ன? ஒலி தொடங்குமுன் கடலாமைக்கும் டொல்பினுக்கும் விலகிப்போக அவகாசம் கொடுத்து, மெல்ல மெல்லக் கூட்டுவீர்களா?

பௌதிகவியல் படித்த எனக்கே இதைத் தெரிந்துகொள்ளப் பிறகு தேடிப் படிக்க வேண்டியிருந்தது. அந்த மண்டபத்தில் இருந்த எவருக்கும் எழுந்து நின்று கேட்கும் அளவுக்கு இது தெரிந்திருக்கவில்லை. அந்த வயதானவருடைய பேரப்பிள்ளை ஒன்று அறிவியல் நகரில் இதைப் படித்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்திருந்தால், அந்தக் கூட்டம் வேறு கூட்டமாக இருந்திருக்கும்.

எங்கள் பகுதிக்கு எந்தத் திட்டம் வந்தாலும் இப்போது இரண்டே நிலைதான். ஒன்று கொழும்பு சொன்னதைக் கேட்டுக்கொண்டிருப்பது. இல்லையென்றால் தெருவில் இறங்கி வேண்டாம் என்பது. மன்னார்த் தீவில் கனிய மணல் விடயத்திலும் காற்றாலை விடயத்திலும் சனம் தெருவுக்கு வந்ததைக் கண்டோம். போராடியவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் போராட்டம் நடத்துகிறவர்களின் கையில் தரவை வாசிக்கத் தெரிந்த ஓர் ஆள் இருந்தால் அந்தக் குரலை ஒதுக்கிவிடுவது லேசில்லை. திட்டம் நல்லதென்றால் எந்த நிபந்தனையோடு நல்லது என்று சொல்லவும் அதே ஆள்தான் வேண்டும்.

ஆழ்கடலில் துளைப்பது விளையாட்டு இல்லை. 2010 ஏப்ரல் 20ஆம் திகதி மெக்சிக்கோ வளைகுடாவில் மக்கொண்டோ கிணறு வெடித்தது. டீப்வோட்டர் ஹொரைசன் மேடையில் 11 பேர் இறந்தார்கள். கிணறு 87 நாட்கள் கடலுக்குள் எண்ணெயைக் கக்கியது. அங்கே கடலின் ஆழம் ஏறத்தாழ 1500 மீற்றர், எங்கள் டொராடோவின் ஆழத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அன்று நடந்ததை என் மாணவருக்கு நான் வகுப்பில் சொல்வதுண்டு. ஏனென்றால் அதன் மையத்தில் இருப்பது உயர்தரப் பாடத்திட்டத்தில் உள்ள அழுத்தம்தான். கிணறு துளைக்கும்போது துளையைச் சேற்றுக் கலவையால் நிரப்பி வைத்திருப்பார்கள். அதன் பாரம்தான் கீழே இருக்கும் வாயுவை மேலே வரவிடாமல் அமத்தி வைத்திருக்கிறது. தண்ணீரைவிட 1.2 மடங்கு அடர்த்தியான சேறு 3000 மீற்றர் உயரத்துக்கு நின்றால் அடியில் அழுத்தம் சுமார் 350 வளிமண்டலம். உயரம், அடர்த்தி, ஈர்ப்பு ஆர்முடுகல் மூன்றையும் பெருக்கினால் எந்தப் பிள்ளைக்கும் விடை வரும். மக்கொண்டோவில் அந்தச் சேற்றை எடுக்குமுன், சீமெந்து பிடித்துவிட்டதா என்று அழுத்தச் சோதனை செய்தார்கள். துளைக்குழாயில் அழுத்தம் பூச்சியமாக இருக்க வேண்டிய இடத்தில் சதுர அங்குலத்துக்கு 1400 இறாத்தல் காட்டியது. அதற்கு வேறு ஏதோ விளக்கம் சொல்லிக்கொண்டு, சோதனை சரி என்று முடிவெடுத்தார்கள். மானியில் தெரிந்த ஓர் எண்ணைச் சரியாக வாசிக்காததன் விலை அது. நாளைக்கு எங்கள் கடலில் ஒரு கிணறு துளைத்தால், அந்த எண்ணை வாசிக்கத் தெரிந்த ஒருவராவது இந்தக் கரையில் பிறந்தவராக இருக்க வேண்டும் என்று விரும்புவது பேராசை இல்லை.

கடல் வரைக்கும் போகவும் தேவையில்லை. 2014, 2015இல் சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் கழிவெண்ணெய் கலந்த சிக்கல் எல்லோருக்கும் தெரியும். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன விடயம் அது. அந்த நேரம் ஒரு குழு ஒன்று சொன்னது, இன்னொரு குழு வேறொன்று சொன்னது. தண்ணீர் குடிக்கிற சனம் நடுவில் நின்றது. குடாநாட்டுச் சுண்ணக்கல்லில் குகையும் வெடிப்பும் நிறைய. அதற்குள் எண்ணெய் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் நகரும் என்பது பெற்றோலியப் பொறியியலாளர் தினமும் கணிக்கிற கணக்கு. தண்ணீரும் எண்ணெயும் ஒரே பாறைக்குள் எப்படி ஓடும் என்பதுதான் அவர்களுடைய தொழில். கெட்டுப்போன தண்ணீரைக் காப்பாற்றவும் அதே படிப்புத்தான் உதவுகிறது.

இனி, எப்படித் தொடங்கலாம் என்பதற்கு வருகிறேன். பீடத்தாருக்கு நான் பாடம் சொல்லித்தர வரவில்லை. ஆனால் வன்னியில் இருப்பவனுக்குத் தெரிகிற ஒன்றைச் சொல்லலாம்.

எண்ணெய் நிலத்துக்கு அடியில் குளம் மாதிரித் தேங்கி நிற்கிறது என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். கோடையில் வற்றிய ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் மணலுக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்து வருமே, எண்ணெயும் பாறைக்குள் அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒப்பீட்டுக்கு மட்டும் நான் அதைச் சொல்லவில்லை. கணக்கும் ஒன்றுதான். 1856இல் ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் டிஜோன் நகரத்துக் குடிநீரை மணலில் வடிப்பதற்காகச் சோதனை செய்து ஒரு விதியைக் கண்டுபிடித்தார். மணலுக்குள்ளால் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பதைச் சொல்லும் விதி. இன்றைக்கு உலகத்தில் எந்த எண்ணெய்க் கிணற்றின் விளைச்சலையும் அந்த விதியிலிருந்துதான் கணக்கிடத் தொடங்குகிறார்கள். பாறை எவ்வளவு இலகுவாக வழிவிடும் என்பதை அளக்கும் அலகுக்கே டார்சி என்றுதான் பெயர்.

வவுனியாப் பக்கம் குழாய்க்கிணறு அடிக்கிற இடத்துக்கு ஒரு நாள் மாணவரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துங்கள். முதலில் சிவப்பு மண் வரும். பிறகு உக்கிய பாறை. அதற்குள் பிளாஸ்ரிக் குழாயை இறக்கி மண் சரியாமல் காப்பார்கள். கருங்கல்லில் சுத்தியல் இறங்கியதும் கொம்பிரசர் காற்றோடு வெள்ளைத் தூசி மேலே அடிக்கும். சுற்றி நிற்பவர்களின் தலைமயிர் எல்லாம் நரைத்துப்போகும். பொறியை இயக்குகிறவர் இடையிடையே குனிந்து, வெளியே வந்து விழும் துகளை ஒரு கை அள்ளி, பெருவிரலால் தேய்த்துப் பார்ப்பார். நிறம் மாறினால், துகள் பருத்தால், கொஞ்சம் ஈரம் தட்டினால், வெடிப்பு ஒன்று கிட்ட வருகிறது என்று அவருக்குத் தெரியும். பொறி இறங்கும் வேகத்தையும் சத்தத்தையும் வைத்தே பாறை மாறியதைச் சொல்லுவார். ஆழ்கடல் மேடையில் ஒரு புவிச்சரிதவியலாளர் பன்னிரண்டு மணித்தியால முறையில் இருந்து செய்வதும் இதே வேலைதான். சேற்றோடு மேலே வரும் துகளை அரித்து, கழுவி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, எந்த ஆழத்தில் எந்தப் பாறை என்று எழுதுவார். எங்கள் ஆட்களுக்குக் கையில் இருக்கும் அறிவை எழுத்தில் இறக்கி, எண்ணோடு சேர்த்துக்கொடுக்க ஒரு பாடநெறி வேண்டும்.

குழாய்க்கிணறு அடிக்குமுன் நீரோட்டம் பார்ப்பதற்கு மின்தடை அளக்கும் பெட்டியைக் கொண்டுவருவார்களே, அதற்கும் எண்ணெய்த் தொழிலில் உறவு உண்டு. நிலத்துக்குள் மின்னோட்டம் விட்டுப் பாறையின் தடையை அளக்கும் முறையை வளர்த்தவர்கள் ஷ்லும்பர்ஜே சகோதரர்கள். 1927இல் பிரான்சின் பெஷெல்புரோனில் அவர்களது ஆட்கள் அதே கருவியை ஓர் எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்கி, ஆழத்துக்கு ஆழம் தடையைப் பதிந்தார்கள். உப்புத் தண்ணீர் நிறைந்த பாறை மின்னைக் கடத்தும். எண்ணெயோ வாயுவோ நிறைந்த பாறை தடுக்கும். கிணற்றுப் பதிவு என்ற பெரிய தொழில் அங்கேதான் பிறந்தது. ஆக, ஒரு மின்தடைப் பெட்டியும் ஒரு குழாய்க்கிணறும் இருந்தால் அடிப்படையைப் படிப்பிக்கலாம். சிவில் துறையில் மண் பொறிமுறையும் நீரியலும் இருக்கிறது. மெக்கானிக்கலில் பாய்மப் பொறிமுறையும் வெப்பமும் இருக்கிறது. இல்லாதது புவிச்சரிதவியலும் துளையிடும் நுட்பமும். பேராதனையில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. மொறட்டுவையில் புவி வளப் பொறியியல் துறை இருக்கிறது. ஒரு தவணைக்கு வந்து படிப்பிக்க ஆட்களை அழைக்கலாம். கடல் கடந்தும் தூரமில்லை. காவிரிப் படுகை எங்கள் பாக்குநீரிணைக்கு அடியால் தொடர்ந்து வருகிறது. அதன் தமிழ்நாட்டுப் பக்கத்தில் பல தசாப்தங்களாக எண்ணெயும் வாயுவும் எடுக்கிறார்கள். தமிழிலேயே விளக்கக்கூடிய பொறியியலாளர்கள் அங்கே இருக்கிறார்கள். அதே ஆட்களிடம் காவிரி டெல்ரா விவசாயிகள் ஏன் எதிர்த்தார்கள் என்பதையும் எங்கள் பிள்ளைகள் கேட்டுப் படிக்க வேண்டும். 2020இல் டெல்ராவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழ்நாடு சட்டம் இயற்றியதும் அந்தப் பாடத்தின் ஒரு பகுதிதான்.

வன்னியைவிட நல்ல ஆய்வுகூடம் வேறு எங்கே கிடைக்கும்? முல்லைத்தீவுக் கரையிலிருந்து மேற்குக் கரையை நோக்கிக் கோணலாக ஒரு கோடு இழுத்தால், அதற்கு வடமேற்கே சுண்ணக்கல். தென்கிழக்கே நூறு கோடி வருட வயதுக்குக் கிட்டிய பழம் பாறை. இலங்கையின் அடித்தளப் பாறைகளை உலகத்துப் புவிச்சரிதவியலாளர்கள் பிரிக்கும்போது அதில் ஒரு பெரும் பகுதிக்கு வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாறையைப் படிக்க யார் யாரோ வருகிறார்கள். அறிவியல் நகரில் இருந்து மோட்டார் சைக்கிளில் போனால், மத்தியானத்துக்குள் இரண்டு வகைப் பாறையையும் தொட்டுவிட்டுத் திரும்பலாம்.

பொம்பிளைப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். என் வகுப்பில் அவர்கள்தான் கணக்கில் முன்னுக்கு நிற்கிறார்கள். எண்ணெய் என்றால் கடல் நடு மேடையில் நிற்கிற வேலை என்று எண்ணிப் பெற்றோர் மறிக்கிறார்கள். மேடையில் நிற்பவர் கொஞ்சப் பேர்தான். அலைப் பதிவை வாசிப்பதும், கிணற்றுப் பதிவை வாசிப்பதும், பாறைக்குள் ஓட்டத்தைக் கணினியில் கணிப்பதும் அறைக்குள் நடக்கிற வேலை. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினியும் பிரயோக விஞ்ஞானமும் படிக்கிற பிள்ளைகள் இந்த வேலைக்கு நேராகப் பொருந்துவார்கள். இந்த மடலை அவர்களுக்கும் முகவரியிட்டதற்குக் காரணம் அது.

அதிகாரசபையினருக்கு.

1968இல் பாறூக் அல்-காசிம் என்ற ஈராக்கியர் ஒருவர் நோர்வேக்குப் போனார். பஸ்ராவில் பிறந்து, லண்டனில் பெற்றோலியப் புவிச்சரிதவியல் படித்தவர். நோர்வேயைச் சேர்ந்தவர் மனைவி. சுகமில்லாத மகனுக்கு அங்கே நல்ல வைத்தியம் கிடைக்கும் என்பதற்காகத்தான் ஊரை விட்டார். வேலை தேடி ஒஸ்லோவில் கைத்தொழில் அமைச்சுக்குப் போனபோது, வட கடலில் துளைத்த கிணறுகளின் அறிக்கைகள் அங்கே குவிந்து கிடந்தன. அவற்றை வாசிக்கத் தெரிந்த ஆள் இல்லை. அவருக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். அடுத்த வருடக் கடைசியில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அந்த நாட்டின் பெற்றோலியப் பணிப்பகத்தில் பல வருடம் இருந்து, எண்ணெயை வீணாக்காமல் எடுக்கும் விதிகளை வகுத்தவர்களில் ஒருவரானார். நோர்வேயும் மீன்பிடிக் கரைதான். அவர்கள் செய்த பெரிய காரியம், வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு உரிமம் கொடுக்கும்போதே தங்கள் ஆட்களைப் பழக்க வேண்டும் என்று கறாராக நின்றது. ஸ்ரவாங்கர் என்ற மீன் ரின் அடைக்கும் ஊர், எண்ணெய்ப் படிப்புக்குப் பெயர்போன பல்கலைக்கழக ஊரானது.

தென்னமெரிக்காவிலுள்ள கயானாவில் 2015இல் லீசா எண்ணெய் வயலைக் கண்டார்கள். 2019 டிசம்பரில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இடையில் இருந்தது ஒரு பொறியியல் பட்டத்துக்கு எடுக்கிற காலம். உள்ளூர் ஆட்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 2021இல்தான் வந்தது. கண்டுபிடித்த பிறகு படிக்கத் தொடங்கினால் நேரம் காணாது. எங்களிடம் இப்போது இருப்பது அந்த நேரம்தான்.

ஆகவே உங்களிடம் இரண்டு விடயம் கேட்கிறேன். அடுத்து யாருக்கு உரிமம் கொடுத்தாலும், பயிற்சிக்கென்று ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டப் பிள்ளைகளுக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கடற்றொழிற் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதில் முதலிடம் கொடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு இடமே கிடைக்காத பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. உருக்கு ஒட்டுபவர், மின்னியலாளர், கிரேன் இயக்குபவர், கப்பலில் சமைப்பவர் எல்லாருக்கும் சர்வதேசச் சான்றிதழ் தேவைப்படும். அதையும் இங்கேயே கொடுக்க வழி பாருங்கள். மற்றது தரவு. பழைய பேசாலைக் கிணறுகளின் பதிவுகளும், வணிக இரகசியம் கழிந்த அலைப் பதிவுகளும் படிப்புக்காகப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்க வேண்டும். எங்கள் நிலத்தின் படத்தை வைத்து எங்கள் பிள்ளைகள் படிக்கட்டும். வேறு நாட்டு உதாரணத்தில் படிப்பதும் இதுவும் ஒன்றாகாது. கரையோரக் கூட்டங்களுக்கு வரும்போது தமிழில் வரைந்த படத்தோடு வாருங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

உலகமே சூரியனுக்கும் காற்றுக்கும் மாறும்போது எண்ணெயைப் பற்றி ஏன் எழுதுகிறாய் என்று என் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எண்ணெய் இல்லாமல் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில துளி விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட விடுவோம். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, சூட்டில் ஆவியாகும் என்பதைப் பள்ளிக்கூடத்துக்குப் போகாத மெக்கானிக்கும் அறிந்திருந்தார். 2022இல் நாடு முழுக்க வரிசையில் நின்றது. அதனால் எண்ணெய் நாளைக்கே தேவையில்லாமல் போய்விடும் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் காலநிலைக் கவலை எனக்கும் உண்டு. அதனால்தான் படிப்பை நிலத்தடி என்று அகலமாகக் கேட்கிறேன். நோர்வேயின் ஸ்லைப்னர் வயலில் 1996 தொடக்கம் கரியமில வாயுவைக் கடலுக்கு அடியிலுள்ள மணற்கல்லுக்குள் செலுத்தி அடைத்து வைக்கிறார்கள். பூமிச் சூட்டில் மின்சாரம் எடுப்பதற்கும் கிணறுதான் துளைக்கிறார்கள். இதற்கெல்லாம் போகிறவர்கள் பெற்றோலியம் படித்தவர்கள். நாளைக்கு மன்னார் வாயுவை எடுப்பதா, விடுவதா என்று முடிவெடுக்கும் மேசையிலும் அதைப் படித்தவர்கள்தான் இருப்பார்கள். எடுக்க வேண்டாம் என்பதைக்கூடப் படித்தவர்தான் கணக்கோடு சொல்ல முடியும்.

பீடத்தாரிடம் கடைசியாக ஒன்று. புதிய பிரிவு, ஆளணி, மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதி என்று பார்த்தால் வருடங்கள் போகும் என்பது தெரியும். அதுவரைக்கும் சும்மா இருக்கத் தேவையில்லை. உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள். முகவர்கள் பிடிப்பதும் அந்த மாதங்களில்தான். அந்த நேரத்தில் இரண்டு கிழமை, அறிவியல் நகரில் ஒரு நிலத்தடிப் பட்டறை வையுங்கள். ஒரு நாள் முருங்கனில் மண்ணையும் சுண்ணக்கல்லையும் பார்ப்போம். ஒரு நாள் வவுனியாவில் குழாய்க்கிணறு. ஒரு நாள் மின்தடைப் பெட்டியோடு பீடத்து வளவுக்குள்ளேயே அளப்போம். எண்ணெய்த் தொழிலில் வேலை செய்து திரும்பிய எங்கள் ஊர்க்காரர் சிலர் இருக்கிறார்கள், ஒரு பின்னேரம் வந்து பேசுவார்கள். சம்பளத்தையும் சொல்லட்டும், வேலை போன கதையையும் சொல்லட்டும். பிள்ளைகளைக் கூட்டிவருவதும் சாப்பாட்டுக்கு ஒழுங்கு செய்வதும் எங்கள் பொறுப்பு. இந்த மாவட்டங்களின் பௌதிகவியல் ஆசிரியர்களிடம் பேசியிருக்கிறேன், எல்லோரும் சம்மதம். நீங்கள் திகதியைச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு பௌதிகவியல் ஆசிரியர்